இயந்திரத்தை ஊமையாக்கியவர்

"அந்த இடது முழங்கால் மோட்டாரைத் திறந்து பாருங்கன்னு போன வாரமே சொன்னேன்ல?"

"சார், நீங்க நடங்க. மோட்டாரை நாங்க பாத்துக்கறோம்."

"எங்க பாத்தீங்க? பாத்திருந்தா இன்னும் 'டக்'குனு கேக்குமா? நீயே காதை வெச்சுக் கேளு அம்மாடி. முட்டி மடங்கறதுக்கு முன்னாடி ஒரு 'டக்'."

பிசியோ பெண் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அங்கிருந்து இறங்கிய பட்டையில்தான் இவர் தொங்கிக்கொண்டிருந்தார். முழுதாகத் தொங்கவில்லை, இவர் எடையில் மூன்றில் ஒரு பங்கை அந்தப் பட்டை வாங்கிக்கொள்ளும், மீதி இவர் கால்களுக்கு. கால்களுக்கு வெளிப்பக்கம் இரண்டு இரும்புக் கால்கள். தொடையிலும் கெண்டைக்காலிலும் வார் போட்டு இவர் கால்களோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இரும்புக் கால் மடங்கினால் இவர் காலும் மடங்கும். அடியில் ரப்பர் பட்டை பின்னோக்கி ஓடும். எதிரே ஒரு திரை; அதில் வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று என்று இரண்டு பச்சைக் கோடுகள். இவராக எவ்வளவு முயல்கிறாரோ அவ்வளவு உயரும்.

நடக்க வந்தவர் இயந்திரத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்லயும் சார் இப்படித்தானாம்மா?"

"வீட்ல மிக்ஸி, ஃபேன், பக்கத்து வீட்டு ஃபேன். எதையும் விட மாட்டார்."

முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கதவு திறக்கும் சத்தத்திலேயே எந்த ரோலர் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் குடியிருந்தது லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். யாராவது கேட்டால், "வீட்டுக்கு வந்தப்புறமும் அது முகத்துல முழிக்கணுமா?" என்பார். ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். இடது கை, இடது கால் இரண்டும் போயின. நல்லவேளை, பேச்சு போகவில்லை. போயிருந்தால் மோட்டார்கள் தப்பித்திருக்கும். ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அன்று கதவைப் பூட்டியதுதான். ஆறு மாதமாக என் தங்கை வீட்டு முன்னறையில் இருக்கிறோம்.

தங்கை ஒரு வார்த்தை முகம் சுளித்ததில்லை. ஆனால் அவள் வீட்டு அடுப்படியில் நான் கரண்டியை எங்கே வைத்தாலும் அது ஐந்து நிமிஷத்தில் அவள் வைக்கும் இடத்துக்குப் போய்விடும். நானும் என் வீட்டில் அப்படித்தான் செய்வேன் என்பதால் குறை சொல்லவும் முடியாது.

அந்த வாரம் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து துணி மடித்தாள். எனக்கு அப்போதே தெரியும், ஏதோ இருக்கிறது என்று. அவள் துணி மடிக்கிறவள் இல்லை.

"அக்கா, பொண்ணுக்கு இந்த ஊருக்கே வேலை மாத்தியிருக்காங்க. அடுத்த மாசம் குழந்தைங்களோட வரா."

"நல்ல விஷயம்தானே. முன்னறை வேணுமே உனக்கு."

"நான் அதைச் சொல்ல வரல."

"நீ சொல்ல மாட்டே. அதான் நான் சொல்றேன்."

"இல்லக்கா, ரெண்டு தெரு தள்ளி ஒரு கீழ் வீடு இருக்காம். படியே கிடையாதாம். அவர் பேசி வெச்சிருக்கார். இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். மேல் வீட்டை விட்டுட்டு அங்க போயிட்டா அத்தானுக்கும் சுலபம்."

இவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை. தூங்கினால் குறட்டை வரும்.

"சின்னவளே, அந்த வீட்டுல சத்தம் போடாத ஃபேன் இருக்கா?" என்றார்.

"அத்தான், விளையாடாதீங்க."

"நான் என் வீட்டுக்குத்தான் போவேன்."

"நாப்பத்தெட்டுப் படி அத்தான்!"

"படி அங்கயேதான் இருக்கு. நான்தான் போகணும்."

மறுநாள் பிசியோ பெண்ணிடம் நான் நேராகவே கேட்டேன். அவள் கூடத்தின் கோடியில் இருந்த பயிற்சிப் படிக்கட்டைக் காட்டினாள். நாலு படி ஏற்றம், நாலு படி இறக்கம், மரத்தில் செய்தது.

"இதை நிக்காம ஆறு தடவை. பக்கத்துல ஒருத்தர் நிக்கலாம், தொடக் கூடாது. அதைப் பண்ணிட்டா வீட்டுக்குப் போகலாம்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கித் தரேன்."

"மாசக் கடைசிக்குள்ள முடியுமா?"

"மிஷின்ல நல்லாத்தான் பண்றார்மா. பாதி வேலை அவர் கால்தான் பண்ணுது. கீழ இறக்கினா மட்டும் ஏன் வர மாட்டேங்குதுன்னு தெரியல."

அதுதான் புதிர். இயந்திரத்தின் உதவியை முதலில் முழுதாக வைத்திருந்தார்கள், பிறகு எண்பது சதவீதம், எழுபது, ஐம்பது என்று குறைத்தார்கள். இடது கோடு விழாமல் நின்றது. ஆனால் பட்டையைக் கழற்றி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்க வைத்தால் இடது கால் தரையில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். இவர் அதை முறைப்பார். அது அசையாது.

"மிஷின்ல ராஜா மாதிரி நடக்குது, இங்க வந்தா மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உக்காந்துக்குது," என்பார்.

இதற்கு நடுவில் அந்த 'டக்' புகாரை இவர் விடவில்லை. ஒவ்வொரு முறையும் சொன்னார். கடைசியில் அவர்களுக்கே அலுத்துப்போய் இயந்திரக் கம்பெனி ஆளை வரவழைத்தார்கள். அவன் இரும்புக் காலைப் பிரித்துப் பார்த்துவிட்டு இவரிடம் வந்து கை கொடுத்தான்.

"சார் சொன்னது சரிதான். மோட்டாரையும் முட்டியையும் சேர்க்கற கப்ளிங் தேஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு மாசத்துல உடைஞ்சிருக்கும். எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"காது இருக்குல்ல."

அன்று வீட்டுக்கு வந்து என் தங்கையிடம் இரண்டு முறை சொன்னார். அவள் கணவரிடம் மூன்று முறை. சாப்பிடும்போது என்னிடமும் சொல்ல வந்தார்.

"நான் அங்கதான் இருந்தேன்," என்றேன்.

"இருந்தே. ஆனா அவன் கை கொடுத்தப்ப நீ தண்ணி பிடிக்கப் போயிட்டே."

அடுத்த முறை போனபோது இயந்திரம் புதுசு மாதிரி இருந்தது. கட்டினார்கள். தூக்கினார்கள். பட்டை ஓடத் தொடங்கியது. ஒரு சத்தம் இல்லை.

நாலடிதான். இடது பச்சைக் கோடு சரசரவென்று இறங்கிச் சிவப்பானது. இயந்திரம் 'பீப்' என்று கத்திவிட்டு நின்றது.

"சார், ரிலாக்ஸ். மறுபடி பண்ணுவோம்."

மறுபடியும் நின்றது. மூன்றாவது முறை இரண்டே அடி.

பிசியோ பெண்ணின் முகம் மாறியது. "சார், சிரிங்க பாக்கலாம். வலது கையைத் தூக்குங்க. இன்னிக்கு என்ன கிழமை?" என்று மளமளவென்று கேட்டாள். மறுபடியும் வந்துவிட்டதா? சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து தரையில் இருந்த சதுரங்களை எண்ணினேன்.

"புதுசா ஒண்ணும் இல்ல. எல்லாம் அப்படியே இருக்கு," என்றார் டாக்டர்.

"அப்ப கால் ஏன் நின்னுச்சு?"

"அசதியா இருக்கலாம். ரெண்டு நாள் ஓய்வு கொடுங்க."

ஆட்டோவில் திரும்பும்போது இவர் வாயைத் திறக்கவில்லை. வழியில் ஒரு மோட்டார் சைக்கிள் படுமோசமாக இருமிக்கொண்டு போனது. அதைக்கூட எதுவும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"என்னங்க, உங்களுக்கு என்னவோ தெரிஞ்சிருக்கு."

"ஒண்ணுமில்ல."

"ரெண்டு மணி நேரம் என் உசுரு என்கிட்ட இல்ல. சொல்லுங்க."

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "சத்தம் இல்ல."

"எந்தச் சத்தம்?"

"அந்த 'டக்'தான். அது கேட்டவுடனே காலைத் தூக்குவேன். மோட்டார் இழுக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடியே கேக்கும். அதுதான் எனக்கு நேரம் சொல்லும். இன்னிக்கு எப்பத் தூக்கணும்னே தெரியல."

எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அப்ப, மூணு வாரமா நச்சரிச்சு, ஆள் வரவழைச்சு, அவனோட கையும் குலுக்கிக்கிட்டு, உங்க காலை நீங்களே நிறுத்திட்டு வந்திருக்கீங்க."

"சிரிக்காதே."

"நான் சிரிக்கல." சிரித்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். ஸ்கேன் வரைக்கும் போன பயமெல்லாம் சேர்ந்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவரும் கொஞ்சம் சிரித்தார். வாயின் இடது ஓரம் மட்டும் அரை நொடி தாமதமாக வரும்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாதே."

"சொல்லாம?"

"மானம் போயிடும்."

"வீடு போயிடும். எது பெரிசு?"

சொன்னேன். பிசியோ பெண் முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்து, சிரித்து, சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக நின்றார்.

"அம்மாடி, அந்தப் பழைய கப்ளிங்கைத் தூக்கிப் போட்டுட்டாங்களா?"

"ஏன் சார்?"

"இல்ல, கொஞ்ச நாளைக்கு அதையே மாட்டி வெச்சா..."

"உங்க வீட்டுப் படியில எங்க சார் மாட்டறது?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"இத்தனை நாளா உத்தரவு மிஷின்கிட்டேருந்து வந்திருக்கு சார். கால் கேட்டு நடந்திருக்கு. அதான் கீழ இறங்கினா நின்னுடுது, உத்தரவு போட ஆள் இல்லாம. கெட்ட செய்தி இல்ல. காலுக்குத் தெம்பு இருக்கு. தூக்குன்னு நீங்க சொல்லணும், அவ்வளவுதான். ஆனா அம்பதுல ஆரம்பிக்க முடியாது. மறுபடி எண்பதுக்கு ஏத்தறேன்."

"எண்பதா? ரெண்டு மாச வேலை!"

"சத்தமில்லாத மிஷின் கேட்டீங்க, கொடுத்துட்டோம்."

இவருக்கு அடுத்துத் தன் முறைக்காகச் சக்கர நாற்காலியில் காத்திருக்கும் வக்கீலம்மா ஒருவர் உண்டு. முதுகெலும்பில் அடிபட்டவர். திரையில் எண்பதைப் பார்த்துவிட்டு, "என்ன லிஃப்ட்காரரே, அஞ்சாவது மாடியில இருந்தீங்க. தரைத்தளத்துக்கே வந்துட்டீங்களாமே?" என்றார்.

"கரன்ட் போச்சும்மா," என்றார் இவர். ஆனால் முகம் தொங்கிப்போயிருந்தது. மாதக் கடைசிக்கு இருபத்தி நாலு நாள்.

மூன்று நாள் ஒன்றும் வரவில்லை. நாலாம் நாள் கம்பிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தவர் திடீரென்று என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து நில்லு. நான் 'மேலே'ம்பேன். நீயும் 'மேலே'ன்னு திருப்பிச் சொல்லணும்."

"எதுக்கு?"

"லிஃப்ட் மேல ஒருத்தன் நின்னுக்கிட்டு வேலை பாப்பான். மோட்டார் ரூம்ல இன்னொருத்தன். மேல நிக்கறவன் 'மேலே'ன்னு குரல் கொடுத்தா, கேட்டவன் அதைத் திருப்பிச் சொல்லணும். சொன்னப்புறம்தான் வண்டி அசையும். முப்பத்திரண்டு வருஷம் குரல் இல்லாம நான் எதையும் அசைச்சதில்ல. இந்தக் காலை மட்டும் கூப்பிடாமலே வரச் சொன்னா எப்படி வரும்?"

"இத்தனை பேர் முன்னாடியா கத்தணும்?"

"நீ கத்த வேண்டாம். சொன்னாப் போதும். மேலே!"

"...மேலே."

"கேக்கல!"

"மேலே!"

இடது கால் வந்தது. அழகாகவெல்லாம் வரவில்லை. பாதி தூரம் தேய்த்துக்கொண்டு, அரை வட்டம் போட்டு, சொத்தென்று வந்தது. ஆனால் இயந்திரம் இல்லாமல், கம்பிக்கு நடுவில், வந்தது. பிசியோ பெண் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தாள்.

"மறுபடி சொல்லுங்கம்மா," என்றாள்.

அதற்குப் பிறகு அந்தக் கூடம் எங்கள் கூச்சல்தான். இயந்திரத்திலும் இவர் "மேலே" என்பார், தரையிலும் "மேலே" என்பார், நான் திருப்பிச் சொல்லிக்கொண்டே கூடவே நடப்பேன். வக்கீலம்மா காதைப் பொத்திக்கொண்டு, "கோர்ட்ல கூட இவ்வளவு கூவ மாட்டாங்க," என்றார். ஆனால் ஒரு நாள் எனக்கு இருமல் வந்து குரல் வராமல் போனபோது, நாற்காலியில் இருந்தபடியே "மேலே!" என்று எனக்குப் பதிலாகக் கத்தியவரும் அவர்தான்.

பிசியோ பெண் விட்டுப் பிடித்தாள். இயந்திரத்தின் உதவியை எழுபதாக்கினாள், அறுபதாக்கினாள். பிறகு ஒரு நாள் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"இனிமே நீங்க திருப்பிச் சொல்லாதீங்கம்மா. சார் மட்டும் சொல்லட்டும்."

எனக்கு வேலை போன மாதிரி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து உதட்டுக்குள் சொல்லிக்கொண்டேன். நாலு நாள் கழித்து, "சார், மெதுவாச் சொல்லுங்க," என்றாள். பிறகு, "மனசுக்குள்ள." முதல் நாள் மனசுக்குள் சொன்னபோது இவர் முகம் கணக்குப் போடும் பிள்ளை மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் இடது கோடு நாற்பதைத் தொட்டது.

"முன்னாடி அம்பது இருந்துச்சு," என்றார்.

"அந்த அம்பதுல பாதி கப்ளிங்கோடது. இது உங்களுது," என்றாள்.

படிக்கட்டுக்கு வந்தபோது புதுத் தகராறு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது இழுக்கும் கால் முதலில் என்று சொல்லிக் கொடுத்தவள், "வீட்டுப் படியில கைப்பிடி எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"ஏறும்போது இடது பக்கம்," என்றார் இவர்.

"வலது பக்கம்," என்றேன் நான்.

"இருபத்தேழு வருஷம் அந்தப் படியில ஏறியிருக்கேன்."

"நான் மட்டும் பறந்தா போனேன்?"

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். ஊரில் உள்ள லிஃப்டில் எல்லாம் எந்தத் திருகு எங்கே என்று தெரிந்த மனிதருக்கும், அந்தப் படியைத் தினமும் பெருக்கியவளுக்கும் கைப்பிடி எந்தப் பக்கம் என்று உறுதியாகத் தெரியவில்லை. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வலதுதான். ஏறும்போது இவருடைய நல்ல கைக்கு வாகாக இருக்கும். இறங்கும்போது அது செத்த கைப் பக்கம் வந்துவிடும்.

"இறங்கறதை அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். "ஆறு மாசம் கீழயே இருந்தேன். இனிமே ஆறு மாசம் மேலயே இருக்கேன்."

"அதெல்லாம் நடக்காது சார். திரும்பி நின்னு, பின்பக்கமா இறங்குங்க. அப்ப கைப்பிடி வலது கைக்கு வரும்."

"ஏணியில இறங்கற மாதிரியா? அதை முதல்லயே சொல்லக் கூடாதா? வாழ்க்கை முழுக்க அப்படித்தான் இறங்கியிருக்கேன்."

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது படிக்கட்டுப் பரீட்சை. என் தங்கையும் வந்திருந்தாள். பக்கத்தில் நான் நின்றேன், தொடாமல். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், தானாகப் போய்விடும் என்ற பயத்தில். நாலு தடவை ஆனது. ஐந்தாவதில் மேல் படியில் நின்றபோது தொடை நடுங்கியது.

"சார், போதும்னா சொல்லுங்க. அடுத்த வாரம் பாக்கலாம்."

"அடுத்த வாரம் கிடையாது. நீ எண்ணு அம்மாடி. காலை நான் பாத்துக்கறேன்."

ஆறாவது தடவை இறங்கி முடித்துத் தரையில் நின்றார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வக்கீலம்மா நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். என் தங்கை என்னைப் பார்க்காமல் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"ஏங்க, அந்தக் கீழ் வீடு வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றாள் கணவரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "போ, போய் உன் கரண்டியை உன் இஷ்டத்துக்கு வெச்சுக்கோ," என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

நாற்பத்தெட்டுப் படிக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றோம். இரண்டாம் மாடியில், எங்களுக்கு நேர் கீழே குடியிருக்கும் கீழ்வீட்டம்மா நாற்காலி கொண்டுவந்து போட்டாள். இவர் உட்கார்ந்து, அவள் வீட்டு அழைப்பு மணி கரகரக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தார். கதவைத் திறந்ததும் ஆறு மாதத்துப் புழுதி வாசனை. ஜன்னலையெல்லாம் திறந்தேன். இவரை நாற்காலியில் உட்கார வைத்து, நாலு கால் கைத்தடியைப் பக்கத்தில் வைத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஐயோ, மாத்திரைப் பை! கீழ வாசல்லயே வெச்சுட்டேன்."

"நான் வேணும்னா..."

"பேசாம உக்காருங்க. அசையக் கூடாது."

இறங்கிவிட்டேன். ஏறும்போதுதான் தெரிந்தது, ஆறு மாதம் தரை வீட்டில் இருந்தது இவர் மட்டும் இல்லை என்று. என் முட்டி இரண்டும் போர்க்கொடி தூக்கின. இரண்டாம் மாடி திருப்பத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, உங்களுக்கும் பிசியோ வேணுமா?"

"வாயை மூடு. மூச்சு வாங்கட்டும்."

"ஆமா, உங்க வீட்ல குழாய் ஓடுதே. திறந்து விட்டுட்டு வந்தீங்களா?"

"நான் சமையல் கட்டுப் பக்கமே போகலையே."

இரண்டு பேரும் காது கொடுத்தோம். சுவருக்குள் குழாய் முதலில் இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு தண்ணீர் சீராக ஓடியது. ஒரு பாத்திரத்தைக் கழுவி அடியில் வைக்கும் ஓசை. நாற்காலியிலிருந்து அந்தக் குழாய் வரை பதினைந்து அடியாவது இருக்கும்.

"என்னங்க!" என்று மேலே பார்த்துக் கத்தினேன்.

"டீக்குத் தண்ணி பிடிக்கறேன்!"

"அடுப்பைத் தொடாதீங்க! நான் வரேன்!"

"மெதுவா வா. ஒரு அவசரமும் இல்ல."

நான் எழுந்திருக்கவில்லை. பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்தேன்.

"போகலையாக்கா?" என்றாள் கீழ்வீட்டம்மா.

"போறேன். பாத்திரம் நிறையட்டும்."